ஒரே படம், இரண்டு கையெழுத்து

டொலிடோ விமான நிலையத்து ஹோட்டல்.
கல்யாணக் கூடத்துக்குப் பக்கத்து அறையில்
மடக்கு மேசை, வெள்ளை விரிப்பு.
எனக்கு இடப்புறம் செவெரின் வோய்டாக்.
எங்கள் நடுவே ஒரு கட்டுப் படங்கள்.
எல்லாம் ஒரே படம்.

அதில் அவன் நிற்கிறான்.
நான் படுத்திருக்கிறேன்.

என் கையெழுத்து மட்டும் என்றால் இருபது டாலர்.
அவனுடையதும் சேர்ந்தால் ஐம்பது.

நான்காவது ரவுண்டு, ஒரு நிமிடம் பதினோரு வினாடி
என்று ஏட்டில் இருக்கிறது.
அந்த இடக்கை வந்ததை நான் பார்க்கவில்லை.
பார்த்த அடி அவ்வளவு சுலபமாக ஆளைச் சாய்க்காது.
நடுவர் எண்ணியதில் ஒன்று முதல் ஆறு வரை
இன்றுவரை எனக்கு வந்து சேரவில்லை.
ஏழு கேட்டது,
தண்ணீருக்கடியில் யாரோ பாத்திரம் தட்டுவதுபோல.
எட்டில் என் முழங்காலைத் தேடிக்கொண்டிருந்தேன்.
பிறகு விளக்குகள்.
பிறகு என் பல்காப்பை யாரோ துண்டால் துடைத்தார்கள்,
தொலைந்த குழந்தையின் ஒற்றைச் செருப்பைத் துடைப்பதுபோல
அவ்வளவு கவனமாக.

அதற்கு முன்னால் முப்பத்தொரு சண்டை.
இருபத்தாறு பேர் என் காலடியில் விழுந்தார்கள்.
அதில் ஒரு படமும் விற்பனைக்கு இல்லை.

வரிசையில் வருகிறவர்கள் மரியாதையானவர்கள்.
"மிஸ்டர் பிரிட்செட், என் அப்பா அன்றைக்கு அங்கே இருந்தார்."
அந்த அரங்கில் ஒன்பதாயிரம் நாற்காலி.
இதுவரை நான் கேட்ட அப்பாக்களை உட்காரவைக்க
இன்னொரு அரங்கு கட்ட வேண்டும்.

எங்கே போடட்டும் என்பேன்.
பெரும்பாலும் என் வயிற்றைக் காட்டுவார்கள்.
வெளிச்சம் விழுந்த இடம், மை நன்றாகத் தெரியும்.
என்மேல் என் பெயரை எழுதுகிறேன்.
ஆள் போனாலும் பெயர் நிற்கும் என்பார்கள்.
என்னுடையது படுத்திருக்கிறது.

பதினான்கு மாதம் கழித்து மறுபோட்டி.
அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
கடன்காரனைக் கண்டவன் தெருவைச் சுற்றுவதுபோல
பன்னிரண்டு ரவுண்டும் சுற்றினேன்,
இடக்கையை நீட்டி, இழுத்து, நீட்டி,
அவன் நெற்றியில், மூக்கில், மறுபடி நெற்றியில்.
கூட்டம் கத்தியது, சண்டை போடுங்கடா என்று.
எட்டாவதில் முன்வரிசை ஆள் ஒருவன்
செய்தித்தாளை விரித்தான். நான் பார்த்தேன்.
மதிப்பெண் போட்ட மூவரும் என் பக்கம்.
சாம்பியன் பட்டை என் இடுப்புக்குத் திரும்பியது.
அன்றும் படம் எடுத்தார்கள்.
களைத்த இருவர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள்.
வென்றவன் யார் என்று
எனக்கே சமயத்தில் தெரிவதில்லை.

மூன்றாவது சண்டைக்குத் தேதிகூடக் குறித்தார்கள்.
அவன் விழித்திரை கிழிந்திருந்தது.
மருத்துவர் கையெழுத்துப் போடவில்லை.

மதியத்துக்குமேல் வரிசை மெலிந்தது.
செவெரினால் பேனா மூடியைத் திறக்க முடியவில்லை.
அவன் வலக்கை நடுங்குகிறது, மூன்று வருடமாய்.
திறந்து கொடுத்தேன்.
"டாக்டர் சொல்கிறான்," என்றான்,
படத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல்,
"பெரிய அடியால் வந்தது இல்லையாம்.
சின்னச் சின்னதாய், நிறைய வாங்கியதாம்."

அந்த மறுபோட்டியில் என் இடக்கை
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை அவனைத் தொட்டது.
வானொலிக்காரன் எண்ணிச் சொன்னான்.
அன்று பெருமையாக இருந்தது.

நான் வென்ற இரவுக்கு
நினைவுச்சின்னம் எதுவும் இல்லை என்று
இத்தனை காலம் குறைபட்டிருக்கிறேன்.
காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே
அது ஆடிக்கொண்டிருந்தது.

நழுவாமல் படத்தைப் பிடித்துக்கொண்டேன்.
பேனா முனை இறங்கியது.
மனசுக்குள் எண்ணினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று,
அவசரப்படாமல்,
எனக்குக் கேட்காமல் போனவற்றையும் சேர்த்து.
ஒன்பதில் அவன் பெயர் முடிந்தது.

நின்றிருந்த பையன் மை காயட்டும் என்று ஊதினான்.
ஐம்பதுக்குச் சில்லறை இல்லை என்றான்.
பரவாயில்லை, எடுத்துக்கொண்டு போ என்றேன்.